இடுப்பில் துப்பாக்கி, ஸ்ட்ரெச்சரில் ஆள்: அமெரிக்காவில் அடுத்து என்ன நடக்கிறது?

பலசரக்குக் கடை வரிசையில் நிற்கும் ஒருவர் மார்பைப் பிடித்துக்கொண்டு சரிகிறார். 911க்கு அழைப்பு போகிறது. ஆம்புலன்ஸ் ஊழியர் சட்டையைக் கத்தரித்ததும் பெல்ட்டின் உள்பக்கம் ஒரு கைத்துப்பாக்கி தெரிகிறது. அமெரிக்காவில் இது யாரையும் திடுக்கிட வைக்கும் காட்சி அல்ல. 2024 மார்ச்சில் தென் கரோலினாவும் சேர்ந்தபோது, உரிமமே இல்லாமல் துப்பாக்கியை மறைத்துச் சுமக்க அனுமதிக்கும் மாநிலங்கள் 29 ஆயின. உரிமம் கட்டாயமாக உள்ள நியூயார்க், நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களிலும் நிலைமை மாறிவிட்டது. 2022 ஜூனில் ப்ரூயென் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகு, "எனக்கு என்ன தனித் தேவை" என்று நிரூபிக்காமலே உரிமம் வாங்க வழி திறந்தது.

விழுந்தவரை என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எழுதிவைத்த நெறிமுறை உண்டு. துப்பாக்கிக்கோ ஊருக்கு ஒரு வழக்கம். அது உடலை விட்டுப் பிரிந்த பிறகு ஆம்புலன்ஸ் ஊழியர், போலீஸ்காரர், மருத்துவமனைக் காவலர், மனைவி என்று யார் கைக்கு வேண்டுமானாலும் போகலாம். சிக்கல் எல்லாம் இந்தக் கைமாற்றங்களில்தான் வருகிறது. சில சமயம் தோட்டா வெடிக்கிறது. பல சமயம் சட்டம் இடிக்கிறது.

முதல் கைமாற்றம் தரையிலேயே நடக்கிறது. மறைத்துச் சுமப்பவர்களில் பலர் சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் அறையில், ஒரு தோட்டாவை ஏற்றியே வைத்திருப்பார்கள். கிளாக் போன்ற துப்பாக்கிகளில் வெளியே தெரியும் பாதுகாப்பு நெம்புகோல் கிடையாது. விசையை அழுத்தினால் சுடும், அவ்வளவுதான். விசைக்குள் ஒரு விரல் புகாமல் தடுப்பது உறை மட்டுமே. ஆகவே துப்பாக்கியை உறையிலிருந்து உருவாதே என்பதுதான் ஆம்புலன்ஸ் ஊழியருக்குச் சொல்லித்தரப்படும் முதல் விதி. உறையோடு சேர்த்தே கழற்ற வேண்டும். உறை கொக்கி வகையாக இருந்தால், கொக்கிக்கு அடியில் கட்டைவிரலைக் கொடுத்து நிமிர்த்தி மேலே தூக்கினால் மொத்தமாக வந்துவிடும். பெல்ட் கோத்த உறையாக இருந்தால் கத்தரிக்கோலால் பெல்ட்டை வெட்டப் பார்ப்பது வீண். துப்பாக்கிக்கென்று தைத்த பெல்ட்டுகள் இரட்டைத் தோலில் வரும். சிலவற்றின் நடுவில் எஃகுத் தகடே இருக்கும். பக்கிளை அவிழ்த்து, கால்சட்டையின் பெல்ட் வளையங்களை மட்டும் வெட்டி, பெல்ட், உறை, துப்பாக்கி மூன்றையும் ஒன்றாக எடுப்பது சுலபம். குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கவனித்துக்கொண்டே எடுக்க வேண்டும்.

தோட்டாவை இறக்கிவிட்டால் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் அங்கேதான் தவறு நடக்கும். தோட்டாக்களை அடுக்கிய மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று நம்புகிறவர்கள் ஏராளம். சேம்பரில் இருக்கும் ஒரு தோட்டா அங்கேயேதான் இருக்கும். ரத்தம் படிந்த கையுறையோடு, பழக்கமில்லாத மாடலை, கூட்டத்தின் நடுவே இயக்கிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. அதை போலீஸ்காரர் செய்வார்.

இதயம் நின்றுபோனவரிடம் துப்பாக்கிக்காக மார்பு அழுத்தத்தை நிறுத்தக் கூடாது. இடுப்பிலும் கணுக்காலிலும் இருப்பது அந்த வேலைக்குத் தடையல்ல. தோள் உறைதான் தொல்லை. வலது கைக்காரரின் தோள் உறை இடது அக்குளுக்குக் கீழே தொங்கும். இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டீஃபிப்ரிலேட்டரின் இரண்டாவது பட்டையை ஒட்ட வேண்டிய இடமும் அதுவே. அதை முதலில் அகற்றாமல் அதிர்ச்சி கொடுக்க முடியாது. ஒரு துப்பாக்கி கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடுவதும் வழக்கமான பிழை. கணுக்காலில் இரண்டாவது இருக்கலாம், கால்சட்டைப் பையில் உள்ளங்கை அளவு இன்னொன்று இருக்கலாம்.

நினைவு தப்பியவரைவிட அரைநினைவில் இருப்பவர்தான் ஆபத்தானவர். வலிப்பு வந்து தெளிந்துகொண்டிருப்பவர், ரத்தச் சர்க்கரை சரிந்தவர், தலையில் அடிபட்டவர், மூளைக்கு ஆக்சிஜன் போதாதவர் ஆகியோருக்குத் தன்னைச் சுற்றி நிற்பவர்கள் உதவ வந்தவர்களா தாக்க வந்தவர்களா என்று சில நிமிடங்களுக்குப் புரியாது. இடுப்பை யாரோ தொடுகிறார்கள் என்பது மட்டும் புரியும். துப்பாக்கிப் பயிற்சியில் ஆயிரம் முறை பழக்கிய கை தானாகவே அங்கே போகும். அதனால்தான் பல ஆம்புலன்ஸ் சேவைகள், ஆயுதம் தனியாகப் பத்திரப்படும்வரை நோயாளியை வண்டியில் ஏற்றுவதில்லை என்று விதி வைத்திருக்கின்றன. நினைவோடு இருப்பவர் செய்யக்கூடியது எளிது: கையைத் துப்பாக்கிப் பக்கம் கொண்டுபோகாமல், "என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, வலது இடுப்பில்" என்று வாயால் சொல்வது. உதவும் எண்ணத்தில் தானே எடுத்து நீட்டுவதுதான் மிக மோசமான யோசனை. 911 அழைப்பிலேயே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. வீட்டில்தான் நெஞ்சுவலி என்றால் ஆம்புலன்ஸ் வருமுன்னரே பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிடலாம், பிரச்சினையே இல்லை.

துப்பாக்கி இருப்பதைப் போலீஸ்காரர் கேட்காமலே அவரிடம் சொல்லியாக வேண்டும் என்கிறது மிச்சிகன். கேட்டால் சொன்னால் போதும் என்கின்றன வேறு பல மாநிலங்கள். ஆம்புலன்ஸ் ஊழியரைச் சட்டத்தில் தனியாகக் குறிப்பிடும் மாநிலங்களில் இல்லினாய் ஒன்று. அங்கே உரிமதாரரின் துப்பாக்கியைப் பத்திரப்படுத்தும் அதிகாரம் போலீஸுக்கு மட்டுமல்ல, அவசர சேவை ஊழியருக்கும் உண்டு. சிகிச்சைக்காக வேறு இடத்துக்குக் கொண்டுபோவதாக இருந்தால் துப்பாக்கியை ஒரு போலீஸ் அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் தயாரிப்பாளர், மாடல், தோட்டா அளவு, வரிசை எண் நான்கையும் எழுதி ரசீது தர வேண்டும். மற்ற மாநிலங்கள் காப்பியடிக்க வேண்டிய பிரிவு இது.

அந்த ரசீதில் என்ன தலைப்பு எழுதப்படுகிறது என்பதில்தான் பின்னால் வரும் வாரங்களின் தலையெழுத்து இருக்கிறது. "பாதுகாப்புக்காக" என்று எழுதினால் உரியவர் வந்து வாங்கிக்கொள்ளலாம். "சாட்சியப் பொருள்" என்று எழுதினால் வழக்கு முடியும்வரை அல்லது அரசு வழக்கறிஞர் விடுவிக்கும்வரை வெளியே வராது. கார் மோதி இன்னொருவருக்குக் காயம், ஓட்டியவரிடம் மது வாசனை என்றால் இரண்டாவது தலைப்பே விழும். வரிசை எண்ணை எஃப்.பி.ஐ.யின் திருட்டுத் துப்பாக்கிப் பட்டியலில் போட்டுப் பார்ப்பார்கள். தனியாரிடம் ரொக்கத்துக்கு வாங்கிய பழைய துப்பாக்கி திருட்டுப் பொருள் என்று தெரியவருவது இப்படியும் நடக்கும்.

போலீஸே வராத சம்பவங்களும் உண்டு. சில ஆம்புலன்ஸ்களில் இதற்கென்று பூட்டுப்பெட்டி இருக்கும், பலவற்றில் இருக்காது. அப்போது பக்கத்தில் நிற்கும் மனைவியிடமோ நண்பரிடமோ கொடுத்துவிடத் தோன்றும். உரிமம் வேண்டாத மாநிலங்களில், பெறுபவர் துப்பாக்கி வைத்திருக்கத் தடைசெய்யப்பட்டவராக இல்லாதவரை பெரும்பாலும் இடையூறு இல்லை. நியூயார்க்கில் கதை வேறு. அங்கே கைத்துப்பாக்கி உரிமத்தில் ஒவ்வொரு துப்பாக்கியும் பெயர் சொல்லிப் பதிவாகியிருக்கும். கணவரின் உரிமம் மனைவியைக் காப்பாற்றாது. நல்லெண்ணத்தில் கைப்பையில் போட்டுக்கொண்டு ஆம்புலன்ஸின் பின்னால் காரில் போகும் மனைவி, சட்டத்தின் கண்ணில் உரிமமின்றிக் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர். மாசசூசெட்ஸிலும் உரிமம் இல்லாத கையில் கொடுப்பது இதே மாதிரி வம்பு.

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இந்த இடத்தில் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் (மத்திய அரசுச்) சட்டமே தடுக்கிறது. மாநிலம் வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. கிரீன் கார்டுக்காரருக்கு இந்தத் தடை இல்லை. டெக்சாஸில் குடியுரிமை பெற்ற நண்பர் மயங்கி விழுகிறார், கூட இருப்பவர் எச்-1பி. "இதைக் கொஞ்சம் வைத்துக்கொள்" என்று கொடுத்தால் வாங்கியவரும் சிக்குவார், அவரது விசா நிலை தெரிந்தே கொடுத்தவரும் சிக்குவார். 2022இல் வந்த சட்டத்திருத்தத்துக்குப் பிறகு இரு குற்றங்களுக்கும் அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. குடியேற்ற விண்ணப்பத்துக்கு என்ன ஆகும் என்பது வேறு கணக்கு. தொடாமல், போலீஸ் வரும்வரை மற்றவர்களை ஒதுக்கி நிறுத்துவதே அவருக்கு நல்லது.

அடுத்தது மருத்துவமனை. இல்லினாய், மிச்சிகன் இரண்டிலும் மருத்துவமனை துப்பாக்கிக்குத் தடைசெய்யப்பட்ட இடம். நியூயார்க் 2022இல் கொண்டுவந்த சட்டம் மருத்துவச் சேவை தரும் இடங்களை முழுவதுமாகத் தடைப்பட்டியலில் சேர்த்தது. அதே நேரம் 1986இன் கூட்டரசுச் சட்டப்படி, எமர்ஜென்சிக்கு வந்தவரைப் பரிசோதிக்காமல் வாசலில் திருப்பி அனுப்ப முடியாது. ஆக, ஆளை உள்ளே எடுத்தாக வேண்டும், துப்பாக்கியை உள்ளே விடக் கூடாது. இடையில் நிற்பவர் காவலர். பெரிய மருத்துவமனைகளில் காவல் அறையில் எண்ணிட்ட எஃகுப் பெட்டிகள் இருக்கும். உறையோடு வைத்துப் பூட்டி, ரசீதின் ஒரு பிரதியை நோயாளியின் கோப்பில் சேர்ப்பார்கள். சிறிய மருத்துவமனைகள் உள்ளூர் போலீஸைக் கூப்பிடும். தானே காரோட்டி வருபவர் காரிலேயே பூட்டிவிட்டு வரலாம். இல்லினாய்ச் சட்டம் வாகன நிறுத்துமிடத்தில் அப்படி வைக்க வெளிப்படையாக இடம் தருகிறது. முன்னாள் படைவீரர்களுக்கான கூட்டரசு மருத்துவமனையில் இந்த வழியும் அடைபட்டது. அந்த வளாகத்துக்குள் துப்பாக்கி கொண்டுவருவதே தடை. மாநில உரிமம் அங்கே செல்லாது. துப்பாக்கி வைத்திருப்போர் மிகுந்த ஒரு கூட்டம் அடிக்கடி போகும் மருத்துவமனை அதுதான் என்பது இதில் உள்ள வேடிக்கை.

கண்ணுக்குத் தெரியும் துப்பாக்கிக்கு இந்த ஏற்பாடெல்லாம் சரி. தெரியாததற்கு? பெண்கள் கைப்பையில் சுமப்பது சாதாரணம். எமர்ஜென்சியில் கவுன் மாற்றியதும் உடை, செருப்பு, கைப்பை எல்லாவற்றையும் நோயாளியின் பெயர் ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வந்திருக்கும் உறவினரிடம் நீட்டுவார்கள். அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பறையில் உட்காருபவர் பதினாறு வயதுப் பிள்ளையாக இருக்கலாம். பொருள்களை எழுதிவைக்கும்போது கைப்பையைத் திறந்து பார்க்கும் பழக்கம் இருந்தால் பிடிபடும், இல்லையென்றால் இல்லை.

கைப்பையைவிடக் கொடியது எம்.ஆர்.ஐ. அறை. 2002இல் கதிரியக்கவியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியான ஒரு சம்பவம் இத்துறையில் பாடமாகவே சொல்லப்படுகிறது. நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் பணி நேரத்துக்கு வெளியே ஸ்கேன் எடுக்க வந்த ஒரு போலீஸ்காரர், ஊழியர் சொன்னதைத் தவறாகப் புரிந்துகொண்டு, .45 கைத்துப்பாக்கியோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள்ளேயே போய்விட்டார். 1.5 டெஸ்லா வலுவுள்ள காந்தம் துப்பாக்கியைக் கையிலிருந்து பறித்துக்கொண்டது. கருவியில் மோதியதும் அது சுட்டது. குண்டு சுவரில் பாய்ந்தது, யாருக்கும் காயமில்லை. பாதுகாப்பு நெம்புகோல் போட்டபடியேதான் இருந்தது. விசையை யாரும் தொடவில்லை. சுடும் ஊசியைத் தடுத்து நிற்க வேண்டிய சிறு எஃகுத் துண்டைக் காந்தமே இழுத்து விலக்கிவிட, மோதிய வேகத்தில் ஊசி முன்னே பாய்ந்தது என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். 2023இல் பிரேசிலில் தாயை ஸ்கேனுக்கு அழைத்துவந்த வழக்கறிஞர் ஒருவர் இதேபோல் வயிற்றில் குண்டு பாய்ந்து சில வாரங்களில் இறந்தார். அதே ஆண்டு ஜூனில் விஸ்கான்சினில் ஒரு பெண்ணுக்குப் பின்புறத்தில் குண்டு பட்டது. ஆயுதம் இருக்கிறதா என்று முன்கூட்டிக் கேட்டபோது இல்லை என்றே சொல்லியிருந்தார். எம்.ஆர்.ஐ. அறைக்குப் பக்கத்தில் போய்வந்த துப்பாக்கியை நிபுணரிடம் காட்டாமல் மறுபடி சுமக்கக் கூடாது. காந்தமேறிய சிறு பாகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அசையாமல் போகலாம்.

விபத்து என்றால் துப்பாக்கி ஆளோடு போகாமல் காரோடு போகும். டாஷ்போர்டுப் பெட்டியிலோ இருக்கைக்கு அடியிலோ இருந்தபடியே தனியார் கொட்டகைக்கு இழுத்துச் செல்லப்படும். 1969இல் விஸ்கான்சினில் நடந்தது இதுதான். டாம்ப்ரௌஸ்கி என்ற சிகாகோ போலீஸ்காரர் காரை மோதிவிட்டு மருத்துவமனையில் நினைவிழந்தார். சிகாகோ போலீஸார் எந்நேரமும் துப்பாக்கியோடு இருப்பார்கள் என்று எண்ணிய உள்ளூர் போலீஸார், கண்டவன் கையில் கிடைத்துவிடக் கூடாதே என்று கொட்டகையில் கிடந்த காரில் அதைத் தேடினார்கள். கிடைத்ததோ ரத்தக் கறை படிந்த பொருள்கள். அவை கொலை வழக்கில் போய் முடிந்தன. வாரன்ட் இல்லாத அந்தத் தேடல் செல்லும் என்று 1973இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: குற்றத்தைத் துப்பறிய அல்ல, பொதுமக்களைக் காக்கவே தேடினார்கள் என்பது காரணம். விபத்துக்குப் பின் காரில் உள்ள துப்பாக்கியைப் போலீஸ் எடுத்து வைப்பதற்கு இன்றும் இந்தத் தீர்ப்பு துணை நிற்கிறது.

அதே வாதத்தை வீட்டுக்குள் கொண்டுபோனபோது நீதிமன்றம் தடுத்தது. ரோட் ஐலண்டில் கணவன் மனைவி சண்டையில், கணவர் துப்பாக்கியை மேசையில் வைத்து என்னைச் சுட்டுவிடு என்றார். மறுநாள் வந்த போலீஸ் அவரை மனநலப் பரிசோதனைக்கு ஆம்புலன்ஸில் அனுப்பியது. துப்பாக்கிகளைத் தொடக் கூடாது என்ற பேச்சின் மேல்தான் அவர் கிளம்பினார். அவர் போனதும் வீட்டுக்குள் புகுந்து எடுத்துவிட்டார்கள். கனிலியா வழக்கு என்று பெயர்பெற்ற இதில், கார் விஷயத்தில் சொன்னது வீட்டுக்குப் பொருந்தாது என்று 2021 மே மாதம் நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்.

எதற்காக மருத்துவமனைக்குப் போனார் என்பதும் திரும்பக் கிடைப்பதைத் தீர்மானிக்கிறது. மாரடைப்பு, வலிப்பு, பக்கவாதம், எதுவானாலும் கூட்டரசுச் சட்டத்தில் தடை இல்லை. பக்கவாதத்தில் வலது கை பிடிமானத்தை இழந்தவருக்கும் துப்பாக்கி அப்படியே திரும்பும். நியூ ஜெர்சி போன்ற மாநிலங்கள் உரிமம் தரும்போது உடல்நிலையைக் கேட்கின்றன. பெரும்பாலான மாநிலங்கள் கேட்பதில்லை. மனநலக் காரணம் என்றால் கதை மாறும். கட்டாயமாக மனநல மருத்துவமனையில் சேர்க்க உத்தரவானவருக்குக் கூட்டரசுத் தடை உண்டு. கவனிப்புக்காக வைத்திருந்தவருக்கும் தானாகச் சேர்ந்தவருக்கும் இல்லை. கலிஃபோர்னியா இன்னும் கடுமையானது: தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்று 72 மணி நேரக் கட்டாயக் காவலில் மதிப்பிட்டுச் சேர்க்கப்பட்டாலே ஐந்து ஆண்டு தடை.

சட்டம் இல்லாத இடத்தில் திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இண்டியானாபொலிஸ் உதாரணம். 2004இல் மனநோயால் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்ட ஒருவரின் துப்பாக்கிகளைப் போலீஸ் எடுத்து வைத்தது. தொடர்ந்து வைத்திருக்கச் சட்டம் இல்லாததால் சில மாதங்களில் திருப்பிக் கொடுத்தது. அந்த ஆகஸ்டில் அவர் தாயைக் கொன்றார்; தடுக்க வந்த போலீஸ்காரர் ஜேக் லேர்டையும் சுட்டுக் கொன்றார். அடுத்த ஆண்டே இண்டியானா, இத்தகைய துப்பாக்கிகளைத் தடுத்துவைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்து லேர்டின் பெயரால் சட்டம் போட்டது.

சாதாரண மாரடைப்புக்காரர் துப்பாக்கியை வாங்கப் போகும்போது ரசீது, புகைப்பட அடையாளம், இருந்தால் உரிமம் மூன்றும் வேண்டும். பல துறைகள் எஃப்.பி.ஐ. பின்னணிச் சோதனையை மறுபடி நடத்தும். போலீஸின் பொருளறை வார நாள்களில் சில மணி நேரமே திறந்திருக்கும். முன்பதிவு இல்லாமல் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். பூட்டும் பெட்டி கொண்டுவரச் சொல்வார்கள், தோட்டாக்களை இன்னொரு நாள்தான் தருவோம் என்பார்கள். கலிஃபோர்னியாவில் முதலில் மாநில நீதித்துறைக்கு விண்ணப்பித்துத் தகுதிக் கடிதம் வாங்க வேண்டும். கடிதம் 30 நாள் மட்டுமே செல்லும். எடுத்துக்கொள்ளலாம் என்று போலீஸ் தெரிவித்து 180 நாள் ஆகியும் வராவிட்டால் அவர்கள் வைத்திருக்கக் கடமைப்பட்டவர்கள் அல்ல. நீண்ட நாள் மருத்துவமனையிலும் மறுவாழ்வு மையத்திலும் கிடப்பவர்கள் இந்தக் கெடுவில்தான் கோட்டைவிடுகிறார்கள். உரியவர் இறந்துவிட்டால் வாரிசு வாங்கலாம், அவர் தடைசெய்யப்பட்டவராக இல்லாவிட்டால். உயில் வழியாகவோ வாரிசுரிமையாகவோ வரும் துப்பாக்கி வேறு மாநிலத்துக்குப் போகவும் கூட்டரசுச் சட்டம் இடம் தருகிறது. தற்காலிக விசாவில் உள்ள வாரிசு கையில் வாங்காமல், உரிமம் பெற்ற வியாபாரி மூலம் விற்றுப் பணமாகப் பெறுவதே வழி.

வந்த துப்பாக்கியை அப்படியே இடுப்பில் செருகிவிட முடியாது. ரத்தம் உப்பு நீர் போலத்தான், எஃகைச் சில நாளில் அரிக்கும். பொருளறையில் வாரக்கணக்கில் பிளாஸ்டிக் உறைக்குள் ஈரத்தோடு கிடந்திருந்தால் ஸ்பிரிங்கிலும் சுடும் ஊசிப் பாதையிலும் துரு ஏறியிருக்கும். கையுறை போட்டு முழுக்கப் பிரித்துத் துடைக்க வேண்டும். ரத்தம் ஊறிய தோல் உறையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். வரிசை எண்ணின் படத்தைப் பலர் போனிலேயே வைத்திருக்கிறார்கள். மயங்கிக் கிடப்பவரின் பூட்டிய போனை மற்றவர் எளிதில் திறக்க முடியாது. ஒரு தாளில் எழுதி வீட்டுப் பெட்டகத்தில் வைத்தால், போலீஸ் நிலையத்துக்கு முதல் போன் செய்யும் மனைவியால் அதை வாசித்துச் சொல்ல முடியும்.